மின்னஞ்சல் சர்வருக்கு மாற்று ஏற்பாடு: எதை முதலில் இரட்டிப்பாக்க வேண்டும்?

கேள்வி இது: 250 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். எல்லோருடைய மின்னஞ்சலும் ஐந்து ஆண்டுப் பழைய ஒரே சர்வரில் இருக்கிறது. அது ஒரு முழு நாள் நின்றுபோன பிறகு, "இனி அஞ்சல் நிற்கவே கூடாது" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலில் இரண்டு புதிய சர்வர்களும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டியும் இருக்கின்றன. டிஸ்குகளுக்கு ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் முறைகளில் ஒன்று) போதுமா, வேறு என்ன வாங்க வேண்டும்?

அந்த விலைப்பட்டியலில் கையெழுத்திட வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். ரெய்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் சர்வர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அஞ்சலை வாங்கி, அனுப்புகிறது. வந்த அஞ்சலைப் பத்திரமாக வைத்துக் காக்கிறது. இந்த இரண்டும் பழுதை எதிர்கொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

அஞ்சல் போக்குவரத்துக்குப் பொறுமை பிறவியிலேயே உண்டு. சர்வர்கள் அஞ்சலைப் பரிமாறிக்கொள்ளும் எஸ்எம்டிபி நெறிமுறையின் 2008-ஆம் ஆண்டு வரையறையான ஆர்எஃப்சி 5321 சொல்வது இது: பெறும் சர்வர் பதில் தராவிட்டால், அனுப்பும் சர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும், முயற்சிகளுக்கு நடுவே குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும், பொதுவாக 4 அல்லது 5 நாள் ஆகும்வரை கைவிடக் கூடாது. எல்லா அனுப்புநர்களும் இவ்வளவு காத்திருப்பதில்லை, சிலர் ஓரிரு நாளிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் உங்கள் சர்வர் ஓர் இரவு முழுக்க நின்றிருந்தாலும் வெளியிலிருந்து வரும் அஞ்சல் அநேகமாகத் தொலையாது. தாமதமாக வந்து சேரும், அவ்வளவுதான்.

சேர்த்து வைத்த அஞ்சலுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. டிஸ்கில் இருந்த பத்து ஆண்டுக் கடிதப் போக்குவரத்து அழிந்தால் அதை யாரும் மறுபடி அனுப்பித் தரப்போவதில்லை. ஆகவே பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் சேமிப்பு. பெரும்பாலான விலைப்பட்டியல்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

அடுத்து, "நிற்கவே கூடாது" என்பதை வைத்துக்கொண்டு யாரும் வன்பொருள் வாங்க முடியாது. நிர்வாகத்திடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும், எவ்வளவு நேரத்து அஞ்சலை இழந்தால் தாங்கும். 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் 53 நிமிடம்தான். தாளில் ஒரு 9 கூடுகிறது; செலவோ பல மடங்காகிறது. இரவில் விழித்திருக்க ஆள் இல்லாத நிறுவனத்தில் 53 நிமிடக் கணக்கு சாத்தியமே இல்லை. 250 பேர் அளவில், "வேலை நேரத்தில் அரை மணிக்குள் திரும்ப வேண்டும், இழப்பு சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது" என்பது நியாயமான இலக்கு. கீழே சொல்வதெல்லாம் இந்த இலக்கை வைத்துத்தான்.

இப்போது அந்தப் பொது ஸ்டோரேஜ் பெட்டி. இரண்டு சர்வர்களும் ஒரே பெட்டியிலிருந்து அஞ்சலைப் படிக்கின்றன என்றால், நீங்கள் இரட்டிப்பாக்கியது எளிதில் மாற்றக்கூடிய பாகத்தை. ஒற்றையாக விட்டது மாற்றவே முடியாத பாகத்தை. பெட்டிக்குள் டிஸ்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். ஆனால் இரண்டிலும் ஓடுவது ஒரே ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), இரண்டும் பொருந்தியிருப்பது ஒரே பின்பலகையில், இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே டிஸ்க் தொகுதி. நூற்றுக்கணக்கான மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இடத்தில் அத்தகைய பெட்டிக்கு நியாயம் உண்டு. உங்கள் அளவுக்கு, ஒவ்வொரு சர்வரிலும் அதற்கே உரிய டிஸ்குகள், ஒவ்வொன்றிலும் அஞ்சலின் முழு நகல் என்ற அமைப்பு மலிவானது, எளிதானது, உறுதியானது.

அந்த இரண்டு நகல்களையும் ஒத்துப்போக வைப்பது மென்பொருளின் வேலை, ஆகவே மென்பொருளை முடிவு செய்யாமல் வன்பொருள் வாங்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் என்றால் 2010 பதிப்பிலிருந்தே டிஏஜி என்ற வசதி இருக்கிறது: ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த டிஸ்கில் ஒரு நகலை வைத்திருக்கும், மாற்றங்கள் தொடர்ந்து அனுப்பப்படும். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, எனவே புதிய வன்பொருளில் அவற்றை நிறுவத் திட்டமிட வேண்டாம். லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (அஞ்சலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (சேமித்த அஞ்சலைப் பயனருக்குத் தருவது) கூட்டணி என்றால் இன்னும் கவனம் வேண்டும். டவ்காட் 2.3-இல் இருந்த இரு சர்வர் ஒத்திசைவு வசதி 2.4 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளை நம்பி அதன்மேல் கட்டினால் அடுத்த மேம்படுத்தலில் முட்டுச்சந்தில் நிற்பீர்கள். அங்கே நான் பரிந்துரைப்பது டிஆர்பிடி என்ற மென்பொருள்: டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு தொகுதியையும் வலை வழியாக மற்ற சர்வரின் டிஸ்கிலும் எழுதுகிறது, இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகே "ஆயிற்று" என்கிறது. இதற்கு இரண்டு சர்வர்களுக்கும் நடுவே நேரடியாக ஒரு 10 கிகாபிட் கேபிள் போடுங்கள். அந்தப் போக்குவரத்து அலுவலக ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டியதில்லை.

டிஸ்க் கணக்கை எண்களோடு பார்ப்போம். ஒருவருக்குச் சராசரி 12 கிகாபைட் என்றால் 250 பேருக்கு 3 டெராபைட். ஆண்டுக்கு 25 சதவீதம் வளர்ந்தால் மூன்று ஆண்டில் 5.9, ஐந்து ஆண்டில் 9.2 டெராபைட். 3.84 டெராபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) நான்கை ரெய்டு 10 முறையில், அதாவது ஜோடி ஜோடியாக, இரண்டிலும் ஒன்றையே எழுதும்படி வைத்தால் 7.68 கிடைக்கும், மூன்றாம் ஆண்டு முடிவில் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்கும். ஆறு வாங்கினால் 11.5, ஐந்து ஆண்டு ஓடும். ஒரு சர்வரை ஐந்து ஆண்டு வைத்திருப்பதுதான் உங்கள் வழக்கம் என்று தெரிகிறது, ஆகவே ஆறு. உங்கள் உண்மையான சராசரியை இப்போதைய சர்வரில் எடுத்துப் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரெய்டு 5 வேண்டாம் என்பதற்குக் காரணம் இரண்டு. மின்னஞ்சல் என்பது டிஸ்கில் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலை. ரெய்டு 5-இல் இப்படி ஒவ்வொரு முறை எழுதும்போதும் பழைய தரவையும் பாரிட்டியையும் (இழந்த தரவை மீட்க உதவும் கூடுதல் பதிவு) படித்து, இரண்டையும் திருத்தி எழுத வேண்டும். நான்கு செயல்கள், ரெய்டு 10-இல் இரண்டு போதும். இதைவிடப் பெரிய காரணம், ஒரு டிஸ்க் போன பிறகு நடப்பது. புதியதை நிரப்ப மீதமுள்ள எல்லா டிஸ்குகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும். சாதாரண ஹார்டு டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் வரம்பு, 100 லட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒரு படிக்க முடியாத பிழை. அதாவது ஏறத்தாழ 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. உண்மையில் டிஸ்குகள் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, நிறுவனத் தரத்து டிஸ்குகளுக்கு வரம்பும் பத்து மடங்கு மேல். ஆனாலும் ஒரு டிஸ்க் ஏற்கெனவே போய்விட்ட நேரத்தில்தானே அந்தச் சூதாட்டம் நடக்கிறது? அது தேவையில்லை.

எஸ்எஸ்டி வாங்கும்போது மின்சாரம் திடீரென்று போனால் பாதியில் இருக்கும் எழுதும் வேலையை முடிக்கும் கெபாசிட்டர் பாதுகாப்பு உள்ளதா என்று பாருங்கள். "அஞ்சல் கிடைத்துவிட்டது" என்று உங்கள் சர்வர் சொன்ன கணத்தில் அனுப்பியவர் தன் நகலை வரிசையிலிருந்து நீக்கிவிடுகிறார். அந்தக் கணத்தில் உங்கள் பக்கம் அது உண்மையிலேயே டிஸ்கில் இருந்தாக வேண்டும். இதில் சமரசமே கூடாது.

டிஸ்குகளைப் பற்றி இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஒரே நாளில் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கிய எஸ்எஸ்டிகள் ஒரே நாளில் இயங்கத் தொடங்கி, ரெய்டு ஜோடியாக ஒரே அளவு எழுதும் சுமையைத் தாங்கி, ஒன்றாகவே மூப்படைகின்றன. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: ஃபர்ம்வேர் பிழையால் அவை 32,768 மணி நேரம் ஓடிய பிறகு செயலிழந்துவிடும், தரவும் மீளாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நேரத்தில் இயக்கிவைத்த டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த எண்ணைத் தொடும். அப்போது ரெய்டு எத்தனையாக இருந்து என்ன பயன்? அதனால் இரண்டு சர்வர்களுக்கும் வெவ்வேறு தயாரிப்பாளரின் டிஸ்குகளை வாங்குங்கள். முடியாவிட்டால் வெவ்வேறு தொகுதியாவது. ஃபர்ம்வேர் புதுப்பிப்பை ஒரு சர்வரில் போட்டு, இரண்டு வாரம் விட்டு மற்றதில் போடுங்கள்.

நினைவகம், பிழைகளைத் தானே கண்டு திருத்தும் இசிசி வகையாக இருக்கட்டும். டவ்காட் அமைப்புக்கு 64 கிகாபைட் தாராளம். எக்ஸ்சேஞ்ச் 2019-க்கே மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்தது 128 கிகாபைட். இரண்டு சர்வர்களையும் பாதிப் பாதிச் சுமைக்கு அளவெடுக்காமல், ஒவ்வொன்றும் தனியாக முழுச் சுமையையும் தாங்கும்படி வாங்க வேண்டும். பிராசஸர் இன்றைக்கு எதுவானாலும் போதும்.

மின்சாரத்தில் நடக்கும் தவறைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால், இரண்டு கம்பிகளும் ஒரே யுபிஎஸ்ஸில், சில இடங்களில் ஒரே பிளக் பலகையில் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனி யுபிஎஸ்ஸுக்கும், முடிந்தால் தனித்தனி மின்சுற்றுக்கும் போக வேண்டும். அப்படிச் செய்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு யுபிஎஸ்ஸும் தலா 60 சதவீதச் சுமையில் ஓடுகின்றன என்று வையுங்கள். திரையில் இரண்டும் பச்சை. ஒன்று போனதும் மற்றதன்மேல் 120 சதவீதம் விழுகிறது, அதுவும் துண்டித்துக்கொள்கிறது, மொத்த அறையும் இருண்டுவிடும். ஆகவே ஒவ்வொன்றின் சுமையும் 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈய அமில பேட்டரிகளுக்கு ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. மாற்ற வேண்டிய தேதியை யுபிஎஸ் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

வலைப் பக்கம் இரண்டு ஸ்விட்ச், ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டுக்கும் ஒரு கேபிள், வெவ்வேறு வழியாக வரும் இரண்டு இணைய இணைப்பு. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். மறக்கப்படுவது வேறு. முதல் இணைப்பு போய் இரண்டாவதற்கு மாறும்போது உங்கள் அஞ்சல் வேறு ஐபி முகவரியிலிருந்து வெளியே போகிறது. அந்த முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு இல்லையென்றால், உங்கள் பெயரில் எந்த முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அது சேர்க்கப்படவில்லையென்றால், பெரிய சேவைகள் உங்கள் அஞ்சலை மறுக்கும் அல்லது குப்பைக் கோப்புறைக்குத் தள்ளும். வன்பொருள் சரியாக மாறியிருக்கும், ஸ்விட்சுகள் மின்னிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளருக்கோ ஒரு கடிதமும் போய்ச் சேராது. எனவே இரண்டாவது இணைப்பு வந்த அன்றே அதன் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். வெளியே போகும் அஞ்சலில் மின்கையொப்பமிடும் டிகேஐஎம் சாவி இரண்டு சர்வர்களிலும் இருக்க வேண்டும். மாற வேண்டிய டிஎன்எஸ் பதிவுகளின் டிடிஎல் (மற்றவர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 வினாடி இருந்தால் போதும்.

முதல் சர்வர் நின்றால் அஞ்சலை வாங்கிவைக்கும் இரண்டாம் நிலை எம்எக்ஸ் சர்வர் ஒன்றை வேறெங்காவது வைக்கலாமா என்று கேட்பார்கள். அனுப்புநர்களே நாள் கணக்கில் காத்திருக்கும்போது அதனால் கிடைக்கும் லாபம் சிறிது. அதற்கு உங்கள் பயனர் பட்டியலும் குப்பை அஞ்சல் வடிகட்டியும் முதல் சர்வரில் உள்ளபடியே இல்லாவிட்டால் தொல்லைதான் பெரிது: குப்பை அஞ்சல் அனுப்புவோர் காவல் குறைந்த அந்த வாசலைத் தேடியே வருகிறார்கள். வைத்தால் முழுமையாக வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தானாக மாறும் ஏற்பாடு வேண்டுமா? நான் தயங்கும் இடம் இது. இரண்டே சர்வர்கள் இருக்கும்போது, நடுவே இணைப்பு அறுந்தால், மற்றது இறந்துவிட்டது என்று இரண்டும் நினைத்துக்கொள்ளும். இரண்டும் தன்னையே முதன்மை என்று அறிவித்து அஞ்சலை வாங்கத் தொடங்கினால், ஒரே அஞ்சல்பெட்டிக்கு இரண்டு வரலாறு உருவாகிவிடும். அதைப் பின்னர் ஒன்றாக்குவது பெரும் வேதனை. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்ஹப் நிறுவனத்தின் வலை இணைப்பு 43 வினாடி மட்டுமே அறுந்தது. அதற்குள் தானியங்கி அமைப்பு தரவுத்தளத் தலைமையை அமெரிக்காவின் மறுகரைக்கு மாற்றிவிட்டது. இரு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள் தங்கிவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இதுதான் நிலை.

ஆகவே தானாக மாற வேண்டுமென்றால் எது உயிரோடு இருக்கிறது என்று சொல்ல மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். சிறிய கணினி போதும், ஆனால் அந்த இரண்டு சர்வர்களும் இருக்கும் அலமாரியில் அது இருக்கக் கூடாது. அதோடு, இறந்ததாகக் கருதப்படும் சர்வரின் மின்சாரத்தை ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக உண்மையிலேயே துண்டித்த பிறகே மற்றது எழும் ஏற்பாடும் வேண்டும். இவை இல்லையென்றால், ஒரு மனிதர் பார்த்து முடிவெடுத்து மாற்றுவதே மேல். அரை மணி நேர இலக்குக்கு, நன்றாக எழுதிவைத்த ஒரு பக்கக் குறிப்பும் அதைச் செய்யத் தெரிந்த இருவரும் போதும்.

இனி பேக்கப். இரண்டு நகல் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்ற கேள்வி வரும். 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளில் போட்ட புதுப்பிப்பில் ஒரு பிழை. சுமார் 0.02 சதவீதப் பயனர்களின் பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. கூகுள் பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தது; அந்த நகல்களையும் பிழை பாதித்திருந்தது. கடைசியில் மீட்டது காந்த நாடாவிலிருந்து. நகல் என்பது நல்லதையும் கெட்டதையும் ஒரே வேகத்தில் பின்தொடரும். பயனர் தவறுதலாக அழித்தது, மீட்புப்பணம் கேட்கும் வைரஸ் பூட்டியது, கோப்பு அமைப்பு சிதைந்தது எல்லாமே அடுத்த நொடியில் இரண்டாவது சர்வரிலும் இருக்கும். பேக்கப் வேறு இயந்திரத்தில், வேறு கடவுச்சொல்லின் கீழ், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

பேக்கப்பிலிருந்து மீட்க எவ்வளவு நேரமாகும் என்று இப்போதே கணக்கிடுங்கள். 1 கிகாபிட் இணைப்பில் நிஜமாகக் கிடைப்பது வினாடிக்கு 110 மெகாபைட் போல. 6 டெராபைட்டுக்கு 15 மணி நேரம். இது இடைவிடாமல் பெரிய கோப்புகள் பாய்ந்தால். மெயில்டிர் என்ற சேமிப்பு அமைப்பில் ஒவ்வோர் அஞ்சலும் ஒரு தனிக் கோப்பு. கோடிக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடி எழுதும்போது இது இரண்டு மூன்று நாளாக நீளலாம். அதனால் மீட்கும் வரிசையை முன்கூட்டியே தீர்மானியுங்கள்: முதலில் காலி அஞ்சல்பெட்டிகளைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் எல்லோரும் அனுப்பவும் பெறவும் தொடங்கிவிடலாம், பிறகு கடைசி ஒரு மாத அஞ்சல், பழையவை பின்னணியில் மெதுவாக வரட்டும். பேக்கப் சர்வருக்கும் 10 கிகாபிட் வலை அட்டை வாங்குவது இந்த நாளுக்காகத்தான்.

எச்சரிக்கைச் செய்திகள் மின்னஞ்சல் வழியாக மட்டும் வரக் கூடாது. 2017 ஜனவரி 31-இல், கிட்ஹப் போன்ற இன்னொரு சேவையான கிட்லாப் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, தினசரி பேக்கப் முன்பிருந்தே தோல்வியடைந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அந்தத் தோல்வி அறிவிப்புகள் மின்னஞ்சலாகவே போயிருந்தன. அனுப்புநர் போலியா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் பக்கம் அவற்றை நிராகரித்திருந்தது. உங்கள் விஷயத்தில் பழுதாவதே மின்னஞ்சல் சர்வர். எனவே குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு என்று வேறு வழி கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, இரண்டு சர்வர்களும் எதை நம்பி நிற்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் எல்டாப் அல்லது ஆக்டிவ் டைரக்டரி சர்வர் ஒன்றுதானா? உள் டிஎன்எஸ்? ஃபயர்வால்? குளிர்சாதனம்? அவற்றில் ஒன்று ஒற்றையாக இருந்தால் உங்கள் அஞ்சலும் ஒற்றைதான்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்கப் பணம் இல்லையென்றால் என் வரிசை இது. முதலில் பேக்கப் இயந்திரமும் வேறு கட்டடத்தில் ஒரு பிரதியும். அது வந்த மாதமே ஒருவரின் அஞ்சல்பெட்டியை முழுமையாக மீட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, சொந்த டிஸ்குகளுடன் இரண்டு சர்வர்கள். பட்டியலிலிருந்து பொது ஸ்டோரேஜை நீக்கினால் மிச்சமாகும் பணமே இதன் பெரும்பகுதியைத் தாங்கும். மூன்றாவதாக இரண்டாம் யுபிஎஸ், இரண்டாம் ஸ்விட்ச். இரண்டாவது இணைய இணைப்பு அதன் பிறகு வந்தால் போதும். எல்லாம் அமைந்ததும், ஒரு வேலை நாள் மாலையில், எல்லோருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, பேக்கப் முடிந்திருக்கிறதா என்று சரிபார்த்த பின், முதல் சர்வரின் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்குங்கள். ஒரு பக்கக் குறிப்பை எழுதியவர் அல்லாத இன்னொருவர், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது சர்வருக்கு மாற்றட்டும். அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ அந்த வரியை அன்றே திருத்தி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொருவர்.